கோலம் என்று எழுதினால் இரண்டு கோலம்

அம்மாவின் கோல நோட்டை ஸ்கேன் செய்து வீட்டிலுள்ள ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறேன். முதல் பக்கமே 15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி. ஓரத்தில் பென்சிலால் ‘மார்கழிக்கு’ என்று அம்மாவின் கையெழுத்து. இந்த நோட்டுக்கு இணைய முகவரியும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். டொமைனுக்குப் பிறகு /கோலம்/ என்று வர வேண்டும். பக்கங்களை அனுப்பும் சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ் (nginx).

பிரவுசர் தமிழை அப்படியே அனுப்பாது. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு (%E0 போல) 3 எழுத்தாகும். ‘கோலம்’ என்பதில் க, ஓகாரக் குறி, ல, ம, மேலே புள்ளி என 5 குறிகள். ஆக 45 எழுத்து. சர்வரின் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்கிலும் அந்த நீள வாலை எழுத வேண்டுமோ என்று பயந்தேன். தேவையே இல்லை. சதவீதக் குறிகளை அவிழ்த்த பிறகுதான் என்ஜின்எக்ஸ், எந்த முகவரிக்கு என்ன செய்வது என்று சொல்லும் லொக்கேஷன் வரிகளோடு ஒப்பிடுகிறது. லொக்கேஷன் வரியில் தமிழிலேயே /கோலம்/ என்று எழுதி, அலயஸ் கொடுத்து ஸ்கேன் இருக்கும் ஃபோல்டரைக் காட்டினேன். பட்டியல் பக்கம் உடனே திறந்தது. அவ்வளவு சந்தோஷம்!

ஆனால் படங்கள் எல்லாம் 404, அதாவது ‘கிடைக்கவில்லை’. பிழைகளைப் பதியும் எரர் லாகைப் பார்த்தால், சர்வர் அவற்றை வேறு ஃபோல்டரில் தேடியிருக்கிறது. ஜேபிஜி என்று முடியும் எதையும் பொதுப் பட ஃபோல்டரிலிருந்து எடுக்கச் சொல்லி முன்பே ஒரு ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துப் பொருத்தும்) லொக்கேஷன் எழுதி வைத்திருந்தேன். கோலம் வரி கான்ஃபிக்கில் மேலே இருக்கிறது, அதுதான் முதலில் பிடிக்கும் என்று நம்பியிருந்தேன். என்ஜின்எக்ஸின் வரிசை வேறு. = போட்ட முழுப் பொருத்தம் இருந்தால் அதோடு முடிந்தது. இல்லையென்றால், தொடக்கம் பொருந்துகிறவற்றில் மிக நீளமானதை நினைவில் வைத்துக்கொண்டு ரெஜெக்ஸ்களைப் பார்க்கப் போகும். அங்கே முதலில் பொருந்துவது வென்றுவிடும். எதுவும் பொருந்தாவிட்டால்தான் நினைவில் வைத்ததற்குத் திரும்பும். /கோலம்/ முன்னால் ^~ போட்டால், நீளமானது இதுதான் என்று ஆனதும் ரெஜெக்ஸ் பக்கமே போகாது. போட்டேன், nginx -t கொடுத்து கான்ஃபிக்கைச் சரிபார்த்தேன், ரீலோட். படங்கள் வந்துவிட்டன.

அப்புறம் தங்கை ஒரு லிங்க் அனுப்பி, “அண்ணா, இது திறக்கலையே” என்றாள். கண்ணுக்கு அதே /கோலம்/தான். எரர் லாகிலும் அதே ‘கோலம்’. வந்த கோரிக்கைகளைப் பதியும் அக்செஸ் லாகில் பார்த்தால்தான், சதவீதக் குறிகளோடு அந்தச் சொல் 54 எழுத்து நீளம்! 9 எழுத்து கூடுதல் என்றால் ஒரு குறி கூடுதல். எண்ணிப் பார்த்தபோது புரிந்தது: அவள் பக்கத்து ‘கோ’, ‘கே’யும் துணைக்காலுமாகப் பிரிந்திருந்தது. சில கணினிகள் ஃபோல்டர் பெயரை இப்படிப் பிரித்துத்தான் சேமிக்கும்; அவள் அதை அப்படியே ஒட்டியிருக்கிறாள். எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோட் இரண்டையும் சமம் என்று சொல்கிறது. என்ஜின்எக்ஸ் பைட்டை மட்டுமே பார்க்கும்.

இரண்டாவதாக ஒரு லொக்கேஷன் எழுதி, அதே ஃபோல்டருக்கு அலயஸ் கொடுத்தேன். பிரிந்த ‘கோ’ என் கீபோர்டில் வராது என்பதால் தங்கையின் லிங்கிலிருந்தே வெட்டி ஒட்டினேன். எடிட்டரில் இரண்டு வரியும் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரிகின்றன. ஒரே லொக்கேஷன் இருமுறை வந்தால் -t பிழை காட்டும். இங்கே ஒன்றும் சொல்லவில்லை. பின்னாளில் நானே ஒன்றை அழித்துவிடக் கூடாது என்று மேலே கமெண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்தது நோட்டின் பின்பாதியில் இருக்கும் கொடிகளுக்கு /கொடி/. ‘கொ’வும் பிரியும் எழுத்துதான், அதனால் இந்த முறை இரண்டு வரியையும் முதலிலேயே எழுதிவிட்டேன்.