60 நாள் கிரெடிட் என்று எழுதி வாங்கியவர்களிடம் பாக்கி வசூலித்த கதை

கோவை கணபதிப் பக்கம் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. இரண்டு சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடுகிற மெஷின்), ஒரு பழைய லேத், ஆறு பேர். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் (உள்ளே சுழலும் தண்டு) செய்து கொடுக்கிறோம். 2023 மார்ச், ஏப்ரலில் ஒரு கம்பெனிக்கு (பெயர் வேண்டாம்) மூன்று பில்லில் 6,84,000 ரூபாய்க்குச் சரக்கு போனது, பணம் வரவில்லை. போன் செய்தால் அக்கவுண்ட்ஸ் தம்பி, "எம்டி ஊர்ல இல்லீங்கண்ணா, வந்ததும் போட்டு விட்டர்றேன்" என்பான். பத்து மாதம் அந்த எம்டி ஊரிலேயே இல்லை.

2024 பிப்ரவரியில் அவர்களே ஒரு மெயில் அனுப்பினார்கள், உத்யம் சான்றிதழ் (சின்ன நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) வேண்டுமாம். எதற்கு என்று ஆடிட்டரிடம் கேட்டேன். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி வைத்த பாக்கியை, பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்று வருமான வரியில் 43பி(எச்) பிரிவு அந்த நிதியாண்டு முதல் வந்திருக்கிறது, அதற்காகக் கணக்கெடுக்கிறார்கள் என்றார். அப்புறம் அவர் சாதாரணமாகச் சொன்ன இன்னொரு விஷயத்தில்தான் எனக்குத் தூக்கம் போனது. 2006-ம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் கெடு கிடையாது, எதுவும் எழுதாவிட்டால் 15 நாள்தான். அவர்கள் பி.ஓ.வில் (ஆர்டர் தாளில்) போட்டிருந்த 60 நாள் செல்லாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. அப்போது பேங்க் ரேட் 6.75, ஆக 20.25 சதவீதம்.

இதெல்லாம் தெரிந்தும் ஜூலை வரை சும்மாதான் இருந்தேன். கேஸ் போட்டால் ஆர்டர் போய்விடுமே என்கிற பயம். ஒருநாள் பையன்களுக்குச் சம்பளம் போட வீட்டு நகையை வைத்தேன், அடுத்த வாரமே இந்த மாதிரிப் பாக்கிப் புகாருக்கு அரசு வைத்திருந்த சமாதான் என்ற இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டேன். உத்யம் எண், பி.ஓ., பில்கள், அவ்வளவுதான் கேட்டது. அங்கிருந்து அது கோவையில் உள்ள வசதியாக்க கவுன்சிலுக்கு (இந்தச் சட்டப்படி பாக்கி வழக்கை விசாரிக்கிற அரசு அமைப்பு) போனது, எதிர் பார்ட்டிக்கும் தகவல் போனது. எங்கள் உத்யம் 2020-லேயே எடுத்தது என்பது நல்லதாகப் போயிற்று. சரக்கு அனுப்பிய பிறகு பதிவு செய்துகொண்டு வந்தால் சிக்கல். (பதிவு இலவசம். ஏஜெண்டிடம் காசு கொடுத்த ஆளில் நானும் ஒருவன்.) வாங்கி விற்கிற கடைக்காரர்களுக்கு உத்யம் இருந்தாலும் இந்த வழி கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வாய்தாவில் அவர்கள் வக்கீல், "சரக்கில் ரிஜக்‌ஷன் இருந்தது, அதனால்தான் நிறுத்தி வைத்தோம்" என்றார். எனக்குக் கை நடுங்கியது, ஏனென்றால் ஒரு லாட்டில் நாலைந்து ஷாஃப்ட்டில் ரன் அவுட் (சுற்றும்போது ஆட்டம்) இருந்தது என்று அவர்கள் போனில் சொன்னது நிஜம். ஆனால் சட்டம் கேட்பது எழுத்து. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம். அப்படிக் கடிதம் இருக்கிறதா என்று கவுன்சிலில் அவர்களைக் கேட்டார்கள். இல்லை.

அடுத்து, மூன்றாவது பில் சரக்கே வரவில்லை என்றார்கள் கம்பெனிக்காரர்கள். முதல் இரண்டு டெலிவரி சலானிலும் கேட் செக்யூரிட்டி சீல் இருந்தது, மூன்றாவதில் எங்கள் டிரைவர் வாங்காமல் வந்துவிட்டார். அன்று ராத்திரி போனைக் குடைந்ததில் அவர்கள் ஸ்டோர்ஸ் ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் கிடைத்தது: 'மெட்டீரியல் ரிசீவ்டு, 120 நம்பர்'. கூடவே பாக்ஸ் படம், பாக்ஸ் மேல் எங்கள் சலான் நம்பர் சாக்பீஸில். அதைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்த பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம், எனக்கு எட்டு மாதம் ஆனது. கடைசியில் சமரசத்திலேயே முடிந்தது. சமரசம் ஆகாவிட்டால் ஆர்பிட்ரேஷன் (நடுவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது), அதில் தோற்று கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும், அது அவர்கள் வக்கீலுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விண்ணப்பம் போட்ட அன்றைக்கே வட்டி ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்குப் பக்கம் வந்திருந்தது. நான் அறுபதாயிரத்துக்கு ஒத்துக்கொண்டேன், அசல் மூன்று தவணை. ஆடிட்டர் திட்டினார். விட்டிருக்க வேண்டாமோ என்று எனக்கும் இப்போது தோன்றுகிறது, ஆனால் அன்றைக்கு நகை வங்கியில் இருந்தது.

அந்தக் கம்பெனி ஆர்டர் நின்றுவிட்டது. டிரைவர் இப்போது கேட்டில் சீல் வாங்கி, சலானைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்ட பிறகுதான் வண்டியை எடுக்கிறார். "ஒரு சீலுக்கு அரை மணி நேரம் நிக்க வைக்கறாங்க முதலாளி" என்று தினமும் புலம்பல்.