வாளி நீரைத் தொடும் முன்னே

21.01.2024

பொங்கல் கழிந்து ஆறு நாளாகிறது. விசுவமட்டில் காலைப் பனி இன்னும் குறையவில்லை. இன்று கிணற்றடியில் மகள் கேட்டதை எழுதி வைக்க வேண்டும். "அம்மா, வாளி இன்னும் தண்ணியைத் தொடவே இல்லை, அதுக்குள்ள ஏன் முகத்தைச் சுளிக்கிறியள்?" என்றாள். அதற்குப் பிறகுதான் நானும் கவனித்தேன். கப்பியில் கயிறு ஓடி, வெறும் வாளி கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே இடது தோள்பட்டைக்குக் கீழே அந்த நோ எழுந்து, கழுத்து வரை இழுத்துப் பிடித்துவிடுகிறது. பாரம் வருவதற்கு முன்பே நோ வந்துவிடுகிறது.

அந்த இடத்தில் புளியங்கொட்டை அளவான செல் (எறிகணை) துண்டொன்று, போர் நடந்த 2009 மாசியிலிருந்து கிடக்கிறது. அதை எடுப்பதைவிட விட்டுவிடுவதே நல்லது என்று 2010இல் ஒரு வைத்தியசாலையில் சொன்ன மருத்துவர், பாரம் தூக்கினால் துண்டு நகர்ந்து நரம்பைத் தொடும், கை விளங்காமற் போகும் என்றும் சொன்னார். 14 வருடங்களாக, ஒவ்வொரு வாளிக்கும் அந்த வார்த்தை என் நினைவில் வந்துபோகிறது.

27.01.2024

பழைய எக்ஸ்ரே படத்தையும் புதியதையும் இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) கொண்டுபோனேன். யன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பிடித்தார். அதே விலா எலும்பின்மேல், அதே சாய்வில், அந்த வெள்ளைப் புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. துண்டைச் சுற்றித் தழும்பு இழையம் வளர்ந்து அதைக் கட்டி வைத்திருக்கிறது என்று விளக்கினார். "அது நகரேல்லை அக்கா. நகரும் எண்டு உங்கட மூளைதான் ஒவ்வொரு நாளும் காவல் இருக்கு" என்றார்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. முன்பொருமுறை வேறொருவர் இதை மனப்பிரமை என்று சொல்லி அனுப்பிய காயம் ஆறவில்லை. ஆனால் இவர் அப்படிச் சொல்லவில்லை. நோ உண்மையானது, அது பிறக்கும் வழிதான் நான் நினைத்ததைவிடச் சிக்கலானது என்றார். வலி ஆய்வுக்கான உலகச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அது மதிக்கப்பட வேண்டும் என்பதையும் குறிப்பில் சேர்த்திருக்கிறது. வன்னியில் எத்தனை உடம்புகளில் இத்தகைய துண்டுகள் கிடக்கின்றன என்பதை நினைத்தால், அந்த ஒரு வரியை ஒவ்வொரு கிளினிக்கின் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

03.02.2024

பதினோராம் தரப் பிள்ளைகளுக்குத் தெறிவினையை, அதாவது நினைக்கும் முன்பே உடம்பு சட்டென அசைவதை, கற்பிக்கும்போது, முள்ளில் மிதித்த கால், அங்கிருந்து முண்ணாணுக்கு (தண்டுவடத்துக்கு) ஒரு கோடு, முண்ணாணிலிருந்து காலின் தசைக்கு ஒரு கோடு, மூளைக்கு ஒரு கோடு என்று கரும்பலகையில் வரைவேன். தெறிவினைக்கு அந்தப் படம் சரி. வலிக்கு அது பாதிப் படம் என்பது இப்போதுதான் எனக்குத் தெளிவாகிறது. மேலேறும் செய்திக்கு முண்ணாணிலேயே ஒரு படலை (வாயிற்கதவு) இருக்கிறது, அதைத் திறக்கவும் சாத்தவும் மூளையாலும் முடியும் என்று மெல்சாக், வோல் என்ற இருவர் 1965இல் எழுதினார்கள். அவர்கள் சொன்ன படலையின் உட்கூறுகள் பின்னர் திருத்தப்பட்டாலும், மூளையிலிருந்து கீழிறங்கும் கோடு நிலைத்துவிட்டது.

எதிர்பார்ப்பு எவ்வளவு செய்யும் என்பதற்கு 2011இல் வெளியான ஒரு பரிசோதனையைப் படித்து, எழுந்து முற்றத்தில் நடந்தேன். 22 பேரின் காலில் சூடு வைத்து, பலமான வலிநிவாரணி ஒன்றை நாளம் வழியே ஏற்றினார்கள். மருந்து ஏறுவது தெரியாதபோது வலி ஓரளவு குறைந்தது. இப்போது ஏற்றுகிறோம் என்று சொன்னதும், அதே மருந்தின் பயன் ஏறத்தாழ இரட்டிப்பானது. நிறுத்திவிட்டோம், இனி வலி கூடலாம் என்று பொய் சொன்னதும், மருந்து தொடர்ந்து ஏறிக்கொண்டிருக்கவே, அதன் பயன் அநேகமாக முழுவதும் அற்றுப்போனது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு பலம் இருந்தால், 2010இல் எனக்குச் சொல்லப்பட்டதை என்னவென்று சொல்வது?

11.02.2024

மாசி மாதம் வந்தால் நினைவு தானாகவே அங்கே போகிறது. சுதந்திரபுரம் பக்கமாக, இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். எனக்கு நோகவில்லை. பங்கருக்குள் இறங்கிய பிறகு, பின்னால் இருந்த ஆச்சி என் சட்டையைத் தொட்டு, "பிள்ளை, உனக்கு இரத்தம் ஓடுது" என்று சொல்லும்வரை எனக்குத் தெரியாது. சொன்ன பிறகும் உடனே நோகவில்லை. மகளின் உடம்பைத் தடவிப் பார்த்து, அவளுக்கு ஒன்றுமில்லை என்று உறுதியான பின்பே நோ வந்தது.

இரண்டாம் உலகப்போரில் பணியாற்றிய மருத்துவர் பீச்சர், கடுமையாகக் காயப்பட்ட சிப்பாய்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் வலிமருந்து வேண்டாம் என்றதை 1946இல் எழுதினார். காயம் அவர்களுக்குப் போர்க்களத்திலிருந்து விடுதலையாகத் தெரிந்தது என்பது அவருடைய விளக்கம். எனக்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை, ஏனென்றால் எங்களுக்கு வெளியேறும் இடம் இருக்கவில்லை. உயிராபத்தின்போது நடுமூளையிலிருந்து கீழிறங்கும் பாதை, உடம்பே சுரக்கும் அபின் போன்ற பொருள்களைக் கொண்டு படலையைச் சாத்திவிடுகிறது என்பதே என் அனுபவத்துக்குக் கிட்டவாக இருக்கிறது. பல் பிடுங்கியவர்களுக்கு, மருந்தென்று சொல்லிக் கொடுத்த வெற்றுமருந்தால் குறைந்த வலி, அபின் மருந்துகளை முறிக்கும் நலொக்சோனைக் கொடுத்ததும் திரும்பி வந்தது என்று 1978இல் காட்டியவர்களும் இதே பாதையைத்தான் தொட்டிருக்கிறார்கள்.

18.02.2024

பயிற்சி தொடங்கியது. கால்வாளி நீர், ஐந்து முறை. இழுப்பதற்கு முன் எவ்வளவு நோகும் என்று பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும், இழுத்த பின் எவ்வளவு நொந்தது என்று சொல்ல வேண்டும். மகள் கொப்பியில் எழுதுகிறாள். இன்று 7 என்று சொன்னேன், 4 நொந்தது. அந்த வித்தியாசத்தில்தான் மூளை கற்கிறது, எதிர்பார்த்தது நடக்காதபோதுதான் பழைய கணக்கைத் திருத்துகிறது என்று இயன்மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

25.02.2024

அயல் மாடு பயிற்றங்கொடிக்குள் புகுந்துவிட்டது. கையிலிருந்த நிறைவாளியோடு வேலி வரை ஓடினேன். திரும்பி வரும்போதுதான் எந்தக் கையில் வாளி இருந்தது என்று பார்த்தேன். இடது கை.

09.03.2024

ஒட்டுசுட்டானில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே வேறு கிணறு, தடித்த கயிறு. அரைவாளிக்கே பழைய நோ அப்படியே எழுந்தது. மூன்று கிழமை உழைப்பும் வீண் என்று அழுதேன். மாலையில் இயன்மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, புதிதாகக் கற்பது பழையதை அழிப்பதில்லை, அதன் பக்கத்திலேயே வளர்கிறது, ஆகவே இடம் மாறினால் பழையது தலைதூக்கும், பல கிணறுகளில் அள்ளிப் பழக வேண்டும் என்றார். பயிற்சி நாய்களில் ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் கண்டதும் இதுதான்: அடங்கிய பழக்கம் ஓய்வுக்குப் பின் தானாகவே திரும்பியது. அடுத்த கிழமையும் தங்கை வீட்டுக்குப் போகிறோம்.

17.03.2024

ஒட்டுசுட்டான். முக்கால்வாளி. மகள் கயிற்றைப் பிடிக்காமல் தள்ளியே நின்றாள். வாளி இறங்கும்போது தோள் கொஞ்சம் இறுகியது, நீரைத் தொட்ட சத்தம் கேட்டதும் இளகியது. மூன்றாவது முறை நொந்தது, வாளி நீரை விட்டு மேலெழுந்த பிறகு. 5 என்று சொன்னேன், மகள் 3 என்று எழுதினாள், ஏனென்றால் இழுத்த பின் நான் சொன்னது 3.