பத்து வெள்ளி ரப்பர் குழாய்

கொஞ்ச நாளுக்கு முன் ஒரு ஞாயிறு, ஜீப்பின் பின் டிஃப், அதாவது பின் அச்சின் நடுவில் சக்கரங்களைச் சுற்றவைக்கும் கியர் பெட்டி, அதன் நட்டைக் கழற்றியபோது பேசினில் விழுந்தது ஆயில் இல்லை, தே தாரே. அந்த இழுத்து ஆற்றிய பால் டீயின் அதே நிறம், மேலே நுரை வேறு. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது.

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால், செம்பனை நிழலில், ஞாயிறு காலையில் நாலைந்து பேர் வண்டியை நிறுத்திப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்போம். என்னுடையது சுசுகி எஸ்ஜே410, தோட்டத்தில் மண்டோராக (கங்காணியாக) இருந்த மாமாவிடம் வாங்கியது. 970 சிசி, 45 குதிரைசக்தி, மாட்டுவண்டி மாதிரி லீஃப் ஸ்பிரிங். பேசினை எட்டிப் பார்த்த ஹைலக்ஸ் அண்ணன், "நீ ஸ்நோர்கல் போடலடா, அதான்" என்றார். ஸ்நோர்கலுக்கும் டிஃபுக்கும் என்ன சம்பந்தம்? அது இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுத்துக் கொடுக்கும் குழாய், இன்ஜின் தண்ணீர் குடிக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். லாலான் புல்லும் செம்மண்ணுமாக ஒரு மணி நேரம் ஏறி இறங்கியதில் டிஃப் நன்றாகச் சூடாகியிருக்கும், அந்தச் சூட்டோடு ஆற்றில் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், சுருங்கிய இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். அதற்காகத்தான் ஆக்ஸில் மேலே பிரீதர் என்று விரல் நுனி அளவு ஒரு மூடி வைத்திருக்கிறார்கள். என் வண்டியில் அது சேறு காய்ந்து கல்லாகிக் கிடந்தது. மூச்சு விட வழியில்லை, சீல் வழியாக ஆற்றையே இழுத்துக்கொண்டது. அது அடைக்காமல் இருந்தாலும் ஆழமான தண்ணீரில் அதன் வழியாகவே தண்ணீர் இறங்கும் என்பது வேறு.

சரி, வைத்தியம். மூடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு முனை மாட்டி, பத்து வெள்ளி ரப்பர் பெட்ரோல் குழாயைச் சேசிஸ் ஓரமாகக் கட்டி மேலே கொண்டுபோனேன். பின்பக்கத்தைப் பின்விளக்குக்குப் பின்னாலும் முன்பக்கத்தை பானட்டுக்குள்ளும் நிறுத்தி, நுனியைக் கீழ்நோக்கி வளைத்துச் சின்ன பெட்ரோல் ஃபில்டர் சொருகியாயிற்று. ஆக்ஸில் ஏறி இறங்கும்போது குழாய் இழுபடாமல் கொஞ்சம் தொங்கல் விடவேண்டும், முதல் தடவை நான் விடவில்லை, முதல் பள்ளத்திலேயே பிடுங்கிக்கொண்டது.

டிஃப் ஆயில் மாற்றும்போது, ஆயில் ஊற்றும் மேல் நட்டை முதலில் திறந்து பாருங்கள். கீழ் நட்டைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேல் நட்டு துருப்பிடித்துத் திறக்க வரவில்லை என்றால் அன்றைக்கு நடந்துதான் வீட்டுக்குப் போகவேண்டும். நான் 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஊற்றி, ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி வடித்தேன், மூலையில் ஒட்டியிருந்த மிச்சத் தண்ணீரும் வந்தது. விட்டிருந்தால் பேரிங் துருப்பிடித்து ஊளையிட ஆரம்பித்திருக்கும்.

30 அங்குல டயர் பற்றியும் கேட்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் இந்த 45 குதிரைகளுக்கு அது பாரம், நாலாவது கியரில் மேடு ஏறாது, மீட்டரும் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். அப்புறம் மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: இரும்புக் கயிறு இழுபடும்போது அதன் நடுவில் நனைத்த உரச்சாக்கைப் போட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள், அறுந்தால் முகத்துக்கு வராமல் அமுக்கும்.

நேற்று மறுபடி ஆற்றில் இறக்கி ஏற்றினோம். திறந்து பார்த்தேன், ஆயில் தேன் மாதிரி இருந்தது. மீதியிருந்த குழாயை ஹைலக்ஸ் அண்ணன் சுருட்டி எடுத்துப் போய்விட்டார். காசு இன்னும் வரவில்லை.