போத்தலின் பின்புறத்தை வாசித்த இரவு

கடந்த வைகாசியில் கிளிநொச்சியில் நடந்த மச்சாளின் திருமணத்தில், அவளுக்கு அலங்காரம் செய்யும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டிருந்தது. குளிரூட்டி இல்லாத மண்டபமும் ஓமப்புகையும் வீடியோக்காரரின் விளக்குகளும் சேர்ந்துகொள்ள, தாலிகட்டுக்கு முன்பே அவளது நெற்றியில் பவுண்டேசன் கோடு கோடாக இறங்கத் தொடங்கிவிட்டது. மேக்கப் கலையாமல் நிற்க முகத்தில் அடிக்கும் செற்றிங் ஸ்பிரேயைத் தாராளமாக அடித்திருக்கிறேனே என்று தைரியமாக இருந்த நான், அன்றிரவுதான் அந்தப் போத்தலின் பின்புறத்தை முதன்முதலாக வாசித்தேன். தண்ணீர், கிளிசரின், ரோஜா நீர், வாசனை, அவ்வளவுதான். மேக்கப்பைப் பிடித்து வைக்கக்கூடிய பொருள் ஒன்றுகூட அதில் இருக்கவில்லை.

செற்றிங் ஸ்பிரே என்ற ஒரே பெயரில் இரண்டு வகைப் பொருட்கள் கடைக்கு வருகின்றன. ஒன்று, பவுடர் மாப்பூசியது போல் தெரியாமல் தோலோடு இணங்கச் செய்யும் ஈரத் தூவல். அது முகத்துக்குப் பளபளப்புத் தரும், ஆனால் வியர்வையைத் தாங்காது. மற்றது, உலர்ந்தபின் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக முகத்தில் படியும் பொலிமர் கரைசல். அதில் உள்ள அல்ககோல் விரைவில் ஆவியாகிவிட, பொலிமர் மட்டும் தங்கி மேக்கப் துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. ஆகவே உட்பொருள் பட்டியலில் பீ.வீ.பி. (PVP) என்ற பொலிமரோ, கோபொலிமர் (copolymer) என்று முடியும் பெயரோ இருக்கிறதா என்று தேடுங்கள். பட்டியல் பொதுவாக அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்கு எழுதப்படுவதால், கிளிசரின் இரண்டாம் இடத்தில் நின்று பொலிமர் எதுவும் இல்லையென்றால், அது முதல் வகைதான். இந்தப் பீ.வீ.பி.க்கு 1939 இல் ஜெர்மனியில் வால்ட்டர் ரெப்பே என்ற வேதியியலாளர் காப்புரிமை கோரினார் என்பதும், போர்க்காலத்தில் அது இரத்த நீர்மத்துக்குப் பதிலாகக் காயப்பட்டவர்களுக்கு ஏற்றப்பட்டது என்பதும் பின்னர் வாசித்து அறிந்தவை. மணப்பெண்ணின் கன்னத்துக்கு அது வந்து சேர்ந்த வழி எனக்கு இன்னமும் வியப்பாகவே இருக்கிறது.

அல்ககோல் அதிகமுள்ளதே எல்லோருக்கும் நல்லது என்று சொல்லமாட்டேன். எண்ணெய்ப் பசையுள்ள முகத்துக்கு அது பொருந்தும். வறண்ட தோலில், அதுவும் சோளகக் காற்று வீசும் மாதங்களில், மூக்கோரத்திலும் வாயோரத்திலும் வெடிப்புக் காட்டிவிடும். முதல்நாள் புருவம் திருத்திய பெண்ணுக்கு அடித்தபோது, "அக்கா, எரியுது" என்று அவள் கண்ணைப் பொத்திக்கொண்டதும் நினைவிருக்கிறது. மாரிகாலத்திலோ நிலைமை வேறு: காற்றில் ஈரம் கூடியிருப்பதால் கிளிசரின் மிகுந்த தூவல் காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். எதை வாங்கினாலும் முதலில் தாடையோரத்தில் சிறிது அடித்து ஒரு நாள் பாருங்கள். அதன்பின் முகத்தின் ஒரு பாதிக்கு மட்டும் அடித்துவிட்டு வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள். நான் அப்படியே பரந்தன் வரை ஸ்கூட்டியில் போய்வந்தேன். திரும்பி வந்து கண்ணாடியைப் பார்த்தபோது இரண்டு பாதிகளுக்கும் இருந்த வேறுபாட்டை எந்த விளம்பரமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

பயன்படுத்தும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்; நானும் தவறினேன். மண்டபத்தில் வியர்வை அரும்பியதும் பதறிப்போய் அதன்மேலேயே ஸ்பிரேயை அடித்தேன். ஈரத்தின்மேல் படலம் ஒட்டாது; அது வியர்வையோடு சேர்ந்து வழிந்து கோட்டை இன்னும் பெரிதாக்கியது. முதலில் ரிசுக் கடதாசியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது; பிறகு மெல்லியதாகப் பவுடர், அதன்பின்தான் ஸ்பிரே. மணப்பெண் கூறை உடுத்தப் போகும் இடைவேளை இதற்கு ஏற்ற நேரம். போத்தலைக் குலுக்கி, ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, கண்ணையும் வாயையும் மூடச் சொல்லி, குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து முறை அடித்தால் போதுமானது. கிட்டப் பிடித்தால் துளி துளியாக விழுந்து புள்ளியிடும். காயும்வரை சிரிக்கவோ பேசவோ விடாதீர்கள். கலியாண வீட்டில் இதுதான் மிகக் கடினமான பகுதி. நெடுநேரம் தாங்க வேண்டுமானால் பவுண்டேசனுக்குப் பின் ஒரு முறையும் எல்லாம் முடிந்தபின் ஒரு முறையும் மெல்லிய இரு படைகளாக அடிப்பது, ஒரே தடவையில் நனைப்பதைவிட நன்றாக நிற்கிறது.

கிறவல் வீதியால் ஓட்டோவில் மண்டபத்துக்குப் போகிறவர்கள், ஸ்பிரே முற்றாகக் காய்ந்தபின்பே வெளிக்கிட வேண்டும். ஈர முகத்தில் செம்புழுதி ஒட்டினால் அதைத் துடைத்தெடுக்க வழியில்லை. சித்தி ஒருவர் சிக்கனம் கருதித் தலைமயிருக்கு அடிக்கும் ஸ்பிரேயை முகத்துக்கு அடிப்பார். அதிலும் பொலிமர்தான் இருக்கிறது என்றாலும், மயிரை விறைப்பாக நிறுத்துவதற்கென்று செய்தது தோலுக்கும் கண்ணுக்கும் ஆகாது. காற்றழுத்தத் தகரக் குப்பிகளை 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைக்கக்கூடாது என்று அவற்றிலேயே எழுதியிருக்கும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் அவற்றை விட்டுவிட்டுப் போகாதீர்கள். எங்களுடையது தகரக் கூரை வீடு என்பதால், என் குப்பி மண்பானைக்குப் பக்கத்தில் நிழலில் இருக்கிறது.

நன்றாகப் பிடித்த படலம் வெறும் தண்ணீருக்கு எளிதில் போகாது. மச்சாளுக்கு அன்றிரவு அந்தத் தொல்லை இருக்கவில்லை, கழுவுவதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. இப்போது நான் அலங்கரிக்கும் பெண்களின் கையில் மேக்கப் அகற்றும் எண்ணெய்ப் போத்தல் ஒன்றைக் கொடுத்து, அதைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தபின் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே படுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன்.