தாஸ்மேனியா வைனும் அம்மாவின் நண்டுக் கறியும்

அவுஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட் நகரில் இருக்கும் மச்சான் போன மாதம் திருகோணமலைக்கு வந்தபோது ஒரு பினோ நுவார் சிவப்பு வைன் போத்தல் கொண்டு வந்தான். அம்மாவின் நண்டுக் கறிக்கு முன்னால் அது, பாவம், தண்ணீர் மாதிரி நின்றது.

தாஸ்மேனியாக் குளிரில் திராட்சை மெல்லத்தான் பழுக்கும், அதனால் புளிப்புப் போகாமல் நிற்கும், நுரைக்கும் வைனுக்கு அந்தப் புளிப்புத்தான் உயிர் என்றான். ஹோபார்ட்டுக்குப் பக்கத்துப் புரூனி தீவில் சிப்பியைத் தேசிக்காய் பிழிந்து அப்படியே விழுங்குவார்களாம். பச்சையாகவா என்று அம்மா முகத்தைச் சுளித்தார். இங்கே மட்டியை அவித்து, தேங்காய்ப்பூ போட்டு வறுத்தால்தான் தொண்டையில் இறங்கும்.

எங்கள் பனங்கள்ளு காலையில் இறக்கினால் பின்னேரத்துக்குள் புளித்துவிடும்; அங்கே நல்ல நுரை வைனைப் போத்தலுக்குள்ளேயே இரண்டாம் தரம் நொதிக்க விட்டு வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். கள்ளுக்கு ஏது அந்தப் பொறுமை!

மிச்ச வைனை மட்டி வறையோடு குடித்துப் பார்த்தோம். சரி, அது பரவாயில்லை.