பால் டின் ஏறாத சைக்கிள்

மலேசியாவில் கோலகங்சாரிலிருந்து ஈப்போ போகும் பழைய சாலையில் இரு பக்கமும் பெரும்பாலும் செம்பனைதான், அதாவது எண்ணெய்ப்பனை. நிழலுக்கு ஒதுங்கினால் கொசு விடுவதில்லை. அவசரக்காரர்கள் எல்லாரும் நெடுஞ்சாலைக்குப் போய்விட்டதால் சைக்கிளுக்கு இது தோதான பாதை.

சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடையில் தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீர் சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். பெரியவர் ஒருவர் என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கேரியரைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார்.

"எவ்வளவு சுமை தாங்கும், தம்பி?"

"இருபத்தைந்து கிலோ, ஐயா."

"அதற்கா இத்தனை கியர்!"

அவர் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தவர். முதலில் தோளில் காண்டா வாளி (காவடிபோல் கம்பில் தொங்கும் வாளிகள்) சுமந்தாராம், சைக்கிள் பிறகுதான். பால் நிறைந்த டின்களைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறியவரிடம் என் கியர் பெருமை செல்லுமா? கரண்டிக் காம்பால் மேசையில் சாய்வாக ஒரு கோடு இழுத்தார்: இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. வெட்டு இப்படித்தான் இறங்க வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழப் பாய்ந்தாலும் மரத்துக்குக் காயம், மேற்பார்வை பார்க்கும் தண்டலிடம் ஏச்சு. விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். மழையில் பட்டை நனைந்தால் அன்றைக்கு வெட்டு கிடையாது.

இந்த வட்டாரத்து எல்பில் தோட்டத்தைப் பற்றிக் கேட்டேன். 1948 ஜூன் 16 அன்று அங்கும் அடுத்த தோட்டம் ஒன்றிலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. அது 1960 வரை நீடித்தது. பெரியவர் அசரவில்லை. "அப்பா சொல்வார். அது கிடக்கட்டும், பின் டயரில் காற்று குறைவாக இருக்கிறதே" என்றார். வரலாற்றைத் தேடி வருகிறவர்களுக்கு ஊர்க்காரர்கள் தரும் சரியான பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

கடைக்கார அக்காவுக்குப் பேச வேறு விஷயம் இருந்தது. துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், இந்த ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்குவது திட்டம். 100 வெள்ளிப் பங்குக்கு மாதம் 10 வெள்ளி (வெள்ளி என்பது இங்கே நாணயத்தின் பெயர்). அக்காவின் பாட்டி வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கட்டினாராம். ஆனால் குடும்பம் இருந்த தோட்டம் வேறு கைக்குப் போயிற்று. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, ஆள் குறைந்தது. வீடு தோட்டத்துடையது என்பதால் வேலையோடு வீடும் போனது. அக்கா கல்லூரிப் பக்கம் போகாமல் கல்லாப்பெட்டிக்கு வந்த கதை அங்கே தொடங்குகிறது. அதைச் சொல்லும்போது அவர் ரொட்டி சானாய் வீசுவதை நிறுத்தவேயில்லை.

கிளம்பும்போது காசு வாங்க மறுத்து, நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். "ஈப்போவில் இதே பொட்டலத்துக்கு இரண்டு மடங்கு கேட்பார்கள், தம்பி. மழைக்கு முன்னால் போய்ச் சேருங்கள்."