கோபுரம் பார்க்கப் போய்க் கல் பார்த்து வந்தோம்

11 நவம்பர் 2024, திங்கள் – ஒசாகா

ஜப்பானியக் கோட்டைகளின் தலைமைக் கோபுரத்துக்கு 'தென்ஷு' என்று பெயர். 1868இல் பழைய ஆட்சி முடிவதற்கு முன் கட்டப்பட்டு, எரியாமலும் இடிபடாமலும் இன்றுவரை மரத்தோடு நிற்கும் தென்ஷுக்கள் நாடு முழுவதிலும் 12தான். அவற்றில் எத்தனை முடியுமோ அத்தனையை ரயிலில் போய்ப் பார்ப்பது என்பதைத் தவிர எங்களிடம் வேறு திட்டம் இல்லை. முதல் மூன்று இரவுகளுக்கு மட்டும் அறை பதிவு செய்திருக்கிறோம். ஏழு நாள் ரயில் பாஸின் விலை சென்ற ஆண்டு அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்குத் தாவிவிட்டதால் அதை வாங்கவில்லை; அன்றன்றைக்கு வேண்டிய பயணச்சீட்டை அன்றன்று எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

ஒசாகாக் கோட்டை அந்தப் பன்னிரண்டில் சேராது. இப்போது நிற்கும் கோபுரம் 1931இல் நகரத்து மக்கள் நன்கொடை திரட்டிக் கான்கிரீட்டில் எழுப்பியது. "லிஃப்ட் வைத்த கோட்டையைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று மனைவி கேட்டதற்கு, நாளைக்கு ஹிமேஜி என்று சொல்லிச் சமாளித்தேன். உள்வாசலுக்கு நேர் எதிரே சுவரில் 'ஆக்டோபஸ் கல்' என்றொரு பாறை பதிந்திருக்கிறது. முகப்பு மட்டுமே ஏறத்தாழ 59 சதுர மீட்டர். எடை 108 டன் இருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். அதன் முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டோம்.

12 நவம்பர், செவ்வாய் – ஹிமேஜி

ஒசாகாவிலிருந்து 'ஷின்-கைசொகு' என்னும் விரைவு வண்டியில் ஒரு மணி நேரம். அதற்கு 'ஷின்கான்சென்' என்னும் அதிவேக ரயிலின் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை. நிலையத்தின் வடக்கு வாசலுக்கு வந்ததுமே, ஒரு கிலோமீட்டர் நேர்ச்சாலையின் கோடியில் வெள்ளைக் கோபுரம் தெரிகிறது. சாலையை அதற்காகவே போட்டார்களோ என்று தோன்றும்.

இக்கேதா தெருமாசா 1609இல் கட்டி முடித்த கோபுரம் இது. வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து அடுக்கு. உள்ளே ஏறினால் ஆறு தளமும் ஒரு நிலவறையும். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள் கோட்டை நம்மைப் பாடாய்ப் படுத்திவிடுகிறது. வாயில்களுக்கு ஜப்பானிய அகரவரிசையில் இ, ரோ, ஹா, நி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்றைக் கடந்ததும் கோபுரம் இதோ வந்துவிட்டது என்று நினைக்கிறோம்; பாதை திரும்பி நம்மைக் கோபுரத்துக்கு முதுகு காட்டி நடக்க வைக்கிறது. வழி நெடுகச் சுவரில் வட்டமும் முக்கோணமும் சதுரமுமாகத் துப்பாக்கித் துளைகள். இந்த ஏற்பாட்டை இங்கே எந்தப் படையும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கட்டி முடித்த பின் இக்கோட்டை போர் எதையும் காணவில்லை.

உள்ளே செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்தபடி, காலுறையோடு வழுக்கும் பலகைத் தரையில் ஏற வேண்டும். நிலவறையிலிருந்து மேல்தளம் வரை ஏறத்தாழ 25 மீட்டருக்கு இரண்டு பெருந்தூண்கள் ஓடுகின்றன. கிழக்குத் தூணின் பெரும்பகுதி பழைய மரம். மேற்குத் தூண் உளுத்துப்போனதால் 1956 முதல் 1964 வரை கோபுரத்தையே பிரித்துக் கட்டிய பெரும் பழுதுபார்ப்பில் மாற்றப்பட்டது. இரண்டையும் தொட்டுப் பார்த்தேன்; எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 1945 ஜூலை விமானத் தாக்குதலில் சுற்றியிருந்த நகரம் எரிந்தபோது மேல்தளத்தில் விழுந்த எரிகுண்டு வெடிக்காமல் போனதால் இக்கோபுரம் தப்பியது. மேலே நின்று நகரத்தைப் பார்க்கும்போது, கீழே தெரியும் கட்டடம் எல்லாமே அந்த இரவுக்குப் பின் வந்தது என்ற எண்ணம் வராமல் இருக்காது.

இறங்கி வரும் வழியில், கற்சுவர் ஒன்றில் கம்பிவலை போட்டு மூடிய ஒரு சிறு கல்லை மனைவிதான் கவனித்தாள். அது ஒரு திருகைக் கல். தெருமாசாவுக்கு முன் ஹிதேயோஷி என்ற போர்த்தலைவன் இங்கே கோட்டை கட்டியபோது கல் தட்டுப்பாடு வந்ததாம். வாட்டிய அரிசிப் பணியாரம் விற்றுப் பிழைத்த கிழவி ஒருத்தி தன் திருகையைக் கொடுத்தாளாம். அதைக் கேட்டு ஊரே கல் கொண்டுவந்து குவித்ததாம். கதை உண்மையோ பொய்யோ, இந்தச் சுவர்களில் பழைய கல்லறைகளின் சவப்பெட்டிக் கற்களும் விளக்குத்தூண் துண்டுகளும் கலந்திருப்பது உண்மை. அதன் பிறகு அவள் கோபுரத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள்.

13 நவம்பர், புதன் – தகேதா

ஹிமேஜியிலிருந்து வடக்கே மலைக்குள் போகும் பான்தான் பாதை தெராமாயே வரைதான் மின்மயமானது. அங்கே இறங்கி டீசல் வண்டிக்கு மாற வேண்டும். காலை உணவை நிதானமாகச் சாப்பிட்டதன் விளைவாக, நாங்கள் தெராமாயேவில் இறங்கியபோது டீசல் வண்டி போய்விட்டிருந்தது. அடுத்ததற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். குளிர்ந்த பிளாட்பாரத்தில் இயந்திரத்திலிருந்து எடுத்த சூடான டப்பாக் காப்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். குறை சொல்ல ஆளில்லை. அட்டவணையைப் பார்க்காதவன் நான்தான்.

தகேதாவை 'வானத்துக் கோட்டை' என்கிறார்கள். இலையுதிர்காலத்து விடியலில் மருயாமா ஆற்றிலிருந்து கிளம்பும் மூடுபனி பள்ளத்தாக்கை நிறைக்க, 354 மீட்டர் உயர மலையுச்சி மட்டும் தீவுபோல் மிதக்கும். அதைப் பார்க்க இருட்டிலேயே எதிர்மலையில் ஏறிக் காத்திருப்பார்கள். நாங்கள் நிலையத்துக்குப் பின்னாலுள்ள பாதையில் மூச்சு வாங்கி ஏறிச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. பனியும் இல்லை, அதைப் படமெடுக்க வந்த கூட்டமும் இல்லை.

கட்டடம் என்று அங்கே ஒரு கூரைகூடக் கிடையாது. கடைசிப் பிரபு 1600ஆம் ஆண்டுப் போருக்குப் பின் உயிர்விட நேர்ந்ததிலிருந்து கோட்டை கைவிடப்பட்டது; மரமெல்லாம் போய்ச் சுவர் மட்டும் நிற்கிறது. வடக்கு தெற்காக 400 மீட்டர் நீளத்துக்கு மலைமுகட்டை வெட்டித் தட்டுத் தட்டாக்கி, ஒவ்வொரு தட்டையும் கற்சுவர் தாங்குகிறது. எந்தக் கல்லும் செதுக்கப்படவில்லை. கிடைத்த உருவத்திலேயே எடுத்து, நீளப் பக்கம் மண்ணுக்குள் போகும்படி படுக்க வைத்து அடுக்கியிருக்கிறார்கள். சுண்ணாம்போ சாந்தோ கிடையாது. வெளியே தெரியும் முகம் சிறியது, பின்னால் இருக்கும் உடல் பெரியது. அதற்கும் பின்னால் சல்லிக்கற்களை நிரப்பிவிடுவதால் மழைநீர் தேங்காமல் வடிந்துவிடும். சுவரைத் தள்ளிச் சாய்ப்பது பெரும்பாலும் எதிரி அல்ல, உள்ளே ஊறும் தண்ணீர் என்பதை இதைக் கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஒரு மூலையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மூலைக்கல் ஒன்று நீளப் பக்கம் வலப்புறம் காட்டினால், அதற்கு மேலுள்ள கல் நீளப் பக்கத்தை இடப்புறம் காட்டுகிறது. இப்படி மாற்றி மாற்றி, பின்னிய சடைபோல மேலே போகிறது. ஹிமேஜியின் மூலைகளிலும் இதே முறையைக் கடந்துதான் வந்திருப்பேன். அங்கே கண் மேலே இருந்தது. கோபுரம் இல்லாத இடத்தில்தான் கோட்டை என்பது என்னவென்று பிடிபட்டது. தென்ஷு பெரும்பாலும் கிடங்காகவும் காவல் மேடையாகவுமே பயன்பட்டது, பிரபுக்கள் குடியிருந்தது கீழே அரண்மனைகளில் என்று படித்திருந்தும் அது வரைக்கும் மனத்தில் ஏறவில்லை.

14 நவம்பர், வியாழன் – பிச்சு-தகஹாஷி

ஒகாயாமாவிலிருந்து ஆற்றோரமாகவே போகும் ஹகுபி பாதையில் சாதாரண வண்டியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இங்குள்ள பிச்சு மட்சுயாமாக் கோட்டையின் கோபுரம் 430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எஞ்சிய பன்னிரண்டில் இதுவே மிக உயரத்தில் நிற்பது. கோபுரமோ வெறும் இரண்டடுக்கு. 1873இல் கோட்டைகளை ஒழிக்க அரசு ஆணையிட்டபோது ஊருக்குள் இருந்த கட்டடங்களைப் பிரித்தெடுத்தவர்கள், மலைமேல் இருந்ததைப் பிரித்துக் கீழே கொண்டுவருவது கட்டுப்படியாகாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். சோம்பலால் பிழைத்த கோட்டை. பின்னர் அது சிதைந்து கிடந்ததைச் செப்பனிட்ட 1940இல், பள்ளி மாணவர்கள் கூரை ஓடுகளை முதுகில் சுமந்து மேலே கொண்டுபோனார்கள்.

டாக்ஸி இறக்கிவிடும் இடத்திலிருந்து இன்னும் இருபது நிமிடம் ஏற வேண்டியிருந்தது. "இன்னும் எவ்வளவு தூரங்க?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம் இதோ வந்துவிட்டது என்றேன், தலைவாயில் வந்ததும் இருவருமே பேச்சை நிறுத்திவிட்டோம். இயற்கைப் பாறை ஒன்று செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அதன் தலைமேலேயே, பாறை எங்கே முடிகிறது சுவர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி கற்சுவரை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். பாறை இடுக்குகளில் மரவேர் நுழைந்து பிளவை அகலப்படுத்துவதால், அசைவை அளக்கும் கருவிகளைப் பொருத்திக் கண்காணிக்கிறார்கள்.

கோபுரத்துக்குள் அடுப்புக்குழி ஒன்று உண்டு. தென்ஷுவுக்குள் அடுப்பு வைப்பது அபூர்வம். 2018 பெருவெள்ளத்துக்குப் பின் எங்கிருந்தோ வந்து சேர்ந்து, 'கோட்டைப் பிரபு' பட்டமும் வாங்கிய சஞ்சூரோ என்ற பூனைக்கு இங்கே கோபுரத்தைவிட ரசிகர்கள் அதிகம். பிரபு எங்களுக்குத் தரிசனம் தரவில்லை.

15 நவம்பர், வெள்ளி – மருகமே

கடலைத் தாண்டும் செதோ பெரும்பாலத்தில் ரயில் கீழ்த்தட்டில் போகிறது. 1988இல் திறந்த இரட்டைத்தட்டுப் பாலம். இரும்புக் குறுக்குச் சட்டங்களுக்கு இடையே தீவுகள் விட்டுவிட்டுத் தெரிந்தன.

மருகமேயின் தென்ஷு 15 மீட்டர்தான். அதைத் தாங்கும் சுவர்களோ அடுக்கடுக்காகச் சேர்ந்து 60 மீட்டர். அடியில் சாய்வாகத் தொடங்கி மேலே போகப் போக நிமிர்ந்து செங்குத்தாகும் வளைவுக்கு 'விசிறிச் சரிவு' என்று பெயர். விசிறி செய்வதற்கே பேர்போன ஊரில் அது பொருத்தம்தான். இச்சுவரைக் கட்டிய கல்தச்சனைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். பறவையைத் தவிர வேறெதுவும் இதில் ஏற முடியாது என்று பிரபு மெச்ச, சின்ன இரும்புக் கம்பி ஒன்று போதும் என்று அவன் ஏறிக் காட்டினானாம். வித்தை எதிரிக்குப் போய்விடும் என்று அஞ்சிய பிரபு, அவனைக் கிணற்றுக்குள் இறக்கிக் கல்போட்டுக் கொன்றுவிட்டானாம். கிணறு இன்னும் இருக்கிறது. எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம்.

தென்மேற்குப் பக்கம் 2018இன் மழையிலும் புயலிலும் சரிந்துபோனது. சரிந்த ஆயிரக்கணக்கான கற்களுக்கும் அடையாளம் இட்டு, பழைய படங்களோடு ஒப்பிட்டு, எது எந்த இடத்துக்குரியது என்று கண்டுபிடித்துத் திரும்ப அடுக்குகிறார்கள். நான்கு நூற்றாண்டு நிற்கும் சுவர் என்று நேற்றுவரை எழுதிக்கொண்டிருந்தேன். நிற்கவைக்கப்படும் சுவர் என்று திருத்திக்கொள்கிறேன்.

16 நவம்பர், சனி – ரயிலில்

நாள் முழுவதும் வண்டி. ஒகாயாமாவில் மாறி ஹிமேஜி. ஹிமேஜியிலிருந்து ஒரே வண்டியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து பிவா ஏரிக்கரையின் ஹிகோனே. வார இறுதியில் அறைக்கு அலைய வேண்டியிருந்தது. மூன்றாவதாகக் கேட்ட விடுதியில் கிடைத்தது, கூடுதல் விலைக்கு.

17 நவம்பர், ஞாயிறு – ஹிகோனே

இயி குடும்பத்தின் கோட்டை. 1604இல் தொடங்கி 1622 வரை கட்டினார்கள். அக்கம்பக்கத்துப் பழைய கோட்டைகளைப் பிரித்து மரமும் கல்லும் கொண்டுவந்தார்கள்; தென்ஷுவே ஓட்சுக் கோட்டையிலிருந்து பெயர்த்து வந்தது என்பார்கள். 1878இல் இதையும் இடிக்கத் தொடங்கியிருந்த வேளையில் பேரரசர் மெய்ஜி இவ்வழியே பயணம் செய்ததும், பாதுகாக்கச் சொல்லி உத்தரவிட்டதும் இதன் நல்லூழ். உள்ளே ஏணிப்படிகள் 62 பாகைச் சரிவு. மேலிருந்து இறங்குபவர்களின் குதிகால் நம் மூக்குக்கு நேரே வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மனைவி பாதியிலேயே போதும் என்று இறங்கிவிட்டாள்.

இன்று எனக்குப் பிடித்தது தராசு வடிவக் காவல்மாடம். நடுவில் மரப்பாலம், இருபுறமும் தராசுத் தட்டுகள்போல் மாடங்கள். பாலத்துக்கு வலப்புறச் சுவர் முதலில் கட்டிய முறையில், செதுக்காத கற்களால் ஆனது. இடப்புறம் 1854இல் திரும்பக் கட்டியது. வெட்டிய கற்களைச் சாய்வாக, ஒன்றன் இடுக்கில் ஒன்று விழும்படி அடுக்கியிருக்கிறார்கள். ஒரு வாரத்துக்கு முன் வந்திருந்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் பாலத்தைக் கடந்திருப்பேன். வலப்பக்கம்தான் அழகு என்பது என் கட்சி. இடப்பக்கம்தான் ஒழுங்கு என்று மனைவி சொன்னாள்.

நாளை மட்சுமோட்டோவின் கறுப்புக் கோட்டைக்குப் போவதாக இருந்தது. இரவு உணவின்போது மாற்றிக்கொண்டோம்.

18 நவம்பர், திங்கள் – சகமோட்டோ

யாமாஷினாவில் மாறி, ஏரியின் மேற்குக் கரையோரம் ஹியேசான்-சகமோட்டோ நிலையத்தில் இறங்கினோம். இங்கே பார்க்கத் தென்ஷு இல்லை. நாங்கள் இத்தனை நாள் பார்த்த செதுக்காத கற்சுவர்க் கலையில் பேர்பெற்ற அனோ கல்தச்சர்களின் ஊர் இது. ஹியேய் மலை மடாலயத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தவர்கள். அந்த மடாலயத்தை 1571இல் எரித்த போர்த்தலைவன் நொபுநாகாவே, 1576இல் தன் அசுச்சிக் கோட்டையைத் தொடங்கியபோது சுவருக்கு இவர்களை அழைத்தான். அதன்பின் நாடெங்கும் பிரபுக்கள் இவர்களைத் தேடினார்கள். மலையடிவாரத் தெருக்களில் மூத்த துறவிகளின் பழைய இல்லங்களைச் சுற்றி, போருக்குச் சம்பந்தமே இல்லாத, இடுப்புயரமும் ஆளுயரமுமான சுவர்கள் பாசி படிந்து நிற்கின்றன. ஒரு வீட்டுக்கு எதிரே தபால்காரர் சுவரோரம் வண்டியைச் சாய்த்துவிட்டுக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் ஏரிக்கரைக்கு நடந்தோம். நொபுநாகாவின் தளபதி அகெச்சி மிட்சுஹிதே கட்டிய சகமோட்டோக் கோட்டை இங்கே இருந்தது. கரையில் அவனுக்கொரு சிலை. சற்றுத் தள்ளி, வீடு கட்டத் தோண்டிய நிலத்தில் அகழியும் முப்பது மீட்டர் கற்சுவரும் கிடைத்ததாக இந்த ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தார்கள். மீதி நீருக்கடியில். ஏரி வற்றும் ஆண்டுகளில் மட்டும் அடிவரிசைக் கற்கள் தலைகாட்டும். இன்று தண்ணீர் நிறைய இருந்தது; எதுவும் தெரியவில்லை. மனைவி குனிந்து நீருக்குள் கையை விட்டு ஒரு கல்லை எடுத்தாள்.

"இது கோட்டைக் கல்லா, சும்மா கிடக்கிற கல்லாங்க?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். எடுத்த இடத்திலேயே அதை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிட்டதால் நிலையத்துக்குத் திரும்பினோம்.